சிஆர்பி 1.4, புரோகால் 0.18, எல்லாம் நார்மலாம். ஆனால் ஆள் சரியாக இல்லை

ஏழாம்_மாதம்:

இங்கே இது என் முதல் பதிவு. ஆறு மாதமாக எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுதத் தேவை வரவில்லை. இப்போது வந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரக மாற்று நடந்து ஏழு மாதம் ஆகிறது. கொடுத்தது அவருடைய அக்கா. இதுவரை பெரிய தொந்தரவு ஒன்றுமில்லை. ஐந்து நாளாக ஆள் சுருண்டு படுத்திருக்கிறார். காய்ச்சல் என்றும் சொல்ல முடியவில்லை, சாயங்காலம் 37.6, 37.7 வரை போகிறது, காலையில் இறங்கிவிடுகிறது. நாளைக்கு நாலைந்து முறை வயிற்றுப்போக்கு. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறார்.

பக்கத்தில் இருக்கும் பொது மருத்துவரிடம் காட்டினோம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் சிஆர்பி 1.4, பாக்டீரியாத் தொற்றுக்குப் பார்க்கும் புரோகால்சிட்டோனின் (புரோகால்) 0.18, வெள்ளை அணு 2,600. "இன்ஃபெக்‌ஷன் என்றால் வெள்ளை அணு ஏறும், புரோகால் ஏறும். இவருக்கு இரண்டும் இல்லை. வயிறுதான் கெட்டிருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். போன மாதம் சிஆர்பி 3 இருந்தது, இப்போது பாதியாகிவிட்டது, நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை. மாற்று செய்தவர்களுக்கும் இந்த எண்களை இப்படித்தான் படிப்பார்களா?

பதினோராவது_வருடம்:

முதலில் மாற்று செய்த மருத்துவமனைக்குப் போன் போடுங்கள் அம்மா. இன்றே. இழையை அப்புறம் படிக்கலாம்.

நள்ளிரவு_லேப்:

பெரியவர் சொன்னதுதான் முதல் வேலை. போன் போட்டுவிட்டு வந்து இதைப் பாருங்கள்.

போன மாத ரிப்போர்ட்டும் இந்த மாத ரிப்போர்ட்டும் ஒரே லேப்தானா? சிஆர்பி எண்ணுக்குப் பக்கத்தில் என்ன யூனிட் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்று கொடுக்கும், சில லேப்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று கொடுக்கும். நடுவில் பத்து மடங்கு வித்தியாசம். நார்மல் அளவு என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்குமே, அது "5-க்குக் கீழ்" என்று இருக்கிறதா, "0.5-க்குக் கீழ்" என்று இருக்கிறதா?

ஏழாம்_மாதம்:

கோஆர்டினேட்டரிடம் பேசிவிட்டேன். காலையில் வெறும் வயிற்றில், மருந்து போடாமல் வரச் சொன்னார்.

சார், நீங்கள் கேட்டதைப் பார்த்தேன், கை நடுங்குகிறது. போன மாதம் மருத்துவமனை லேப், "5-க்குக் கீழ்" என்று இருக்கிறது. இது வேறு லேப், "0.5-க்குக் கீழ்". அப்படியென்றால் 1.4 என்பது 14-ஆ? குறையவில்லையா?

நள்ளிரவு_லேப்:

ஆமாம். 3-இலிருந்து 14. பாதியாகவில்லை, நாலரை மடங்கு ஏறியிருக்கிறது. பயப்படாதீர்கள், 14 ஒன்றும் பேயறையும் எண் இல்லை, அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் மூன்றாம் நாளில் நூறைத் தாண்டிப் போவதெல்லாம் சாதாரணம். ஆனால் போன மாதம் நன்றாக இருந்தபோது அவருடைய சொந்த அளவு 3. அதை வைத்துத்தான் இந்த 14-ஐப் பார்க்க வேண்டும். இந்த யூனிட் குழப்பத்தை மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். டாக்டர்களும் விழுவார்கள்.

இரவுப் பணி, இப்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் கதை சொல்கிறேன். சிஆர்பி 1930-இல் கண்டுபிடித்தது. நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரில் அந்தக் கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளைக் கலந்தால் திரிந்து படிந்தது. அதிலிருந்துதான் அந்த 'சி' வந்தது. பிற்பாடுதான் தெரிந்தது, அது நிமோனியாவுக்கு மட்டும் உரியது இல்லை, உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் அதை வெளியே விடும் என்று. கத்தி பட்டாலும் ஏறும், மூட்டு வீங்கினாலும் ஏறும், ஒட்டிய உறுப்பை உடம்பு நிராகரிக்கும்போதும் ஏறலாம். தூண்டிய 6 முதல் 12 மணி நேரத்தில் ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். தூண்டுதல் நின்றால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும்.

புரோகால் இளையது. பாக்டீரியா ரத்தத்தில் பரவினால் இது ஏறுகிறது என்று பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதியது 1993-இல். சாதாரண நாளில் தைராய்டுக்குள் மட்டும் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனாக மாறக் காத்திருக்கும் சரக்கு இது. பாக்டீரியா நுழைந்தால் உடம்பில் கண்ட இடமெல்லாம் இதைச் செய்ய ஆரம்பித்துவிடும். மூன்று, நாலு மணி நேரத்தில் ரத்தத்தில் தெரியும். வெள்ளை அணுவை நம்பி இது உருவாவதில்லை, அதனால் வெள்ளை அணு குறைந்தவருக்கும் ஏறும். வைரஸ் வந்தால் உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் இதை அமுக்கிவிடும். இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள்.

வார்டு_ரவுண்ட்ஸ்:

சிறுநீரகப் பிரிவில் பயிற்சி மருத்துவன். லேப் அண்ணன் முக்கால்வாசி சொல்லிவிட்டார்.

"இன்ஃபெக்‌ஷன் என்றால் வெள்ளை அணு ஏறும்" என்ற விதியை மாற்று நோயாளியிடம் கொண்டு வரவே கூடாது. ஸ்டீராய்டு வெள்ளை அணுவை ஏற்றிக் காட்டும். ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் அணுக்களை ஓட்டத்துக்குள் தள்ளிவிடுவதால் வரும் ஏற்றம் அது. நிராகரிப்பைத் தடுக்கும் மைக்கோஃபீனோலேட் குறைக்கும். அசதியோபிரின் குறைக்கும். ஆன்டிபயாடிக்கான கோட்ரைமாக்சசோல் குறைக்கும். வைரஸ் தடுப்பு மாத்திரையான வால்கேன்சைக்ளோவிர் நன்றாகவே குறைக்கும். சில வைரஸ்களும் குறைக்கும். மேலே இழுப்பதும் கீழே இழுப்பதுமாக நாலைந்து கைகள் ஒரே கயிற்றைப் பிடித்திருக்கும்போது கயிறு நடுவில் நிற்பதைப் பார்த்து "நார்மல்" என்று எழுதுவதில் என்ன அர்த்தம்?

காய்ச்சலும் அப்படித்தான். ஸ்டீராய்டு போடுகிறவருக்கு 37.7 என்பதை நான் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்வேன்.

மூன்று கேள்வி: பழைய வெள்ளை அணு எவ்வளவு? தட்டணு எவ்வளவு? அப்புறம், வால்கேன்சைக்ளோவிர் மாத்திரையை எப்போது நிறுத்தினார்கள்?

ஏழாம்_மாதம்:

வெள்ளை அணு போன மாதம் 6,200. தட்டணு அப்போது 2,30,000, இப்போது 1,12,000. அந்த மாத்திரை ஆறு மாதம் முடிந்ததும் நிறுத்தினார்கள், அதாவது ஐந்து வாரம் முன்பு. "அக்காவுக்கு அந்த வைரஸ் முன்பே வந்து போயிருக்கிறது, இவருக்கு வந்ததில்லை, அதனால்தான் ஆறு மாதம்" என்று அப்போது சொன்னது ஞாபகம் இருக்கிறது.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

மட்டுறுத்துநர்:

படத்தில் பெயரும் பதிவெண்ணும் தெரிகின்றன, மறைத்திருக்கிறேன். எல்லோரும் கவனியுங்கள்.

வார்டு_ரவுண்ட்ஸ்:

அந்த வைரஸ்தான் சிஎம்வி, சைட்டோமெகலோவைரஸ். கொடுத்தவருக்கு சிஎம்வி உண்டு, பெற்றவருக்கு இல்லை என்பது சிஎம்விக்கு மிக அதிக ஆபத்துள்ள கூட்டு. தடுப்பு மாத்திரை ஓடும்வரை வைரஸ் அடங்கி இருக்கும். நிறுத்திய அடுத்த சில வாரங்களில், மாதங்களில் தலைதூக்குவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. சோர்வு, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளை அணுவும் தட்டணுவும் சேர்ந்து சரிவது, கல்லீரல் என்சைம் கொஞ்சம் ஏறுவது. உங்கள் படத்தில் ஏஎல்டி என்ற அந்த என்சைம் 78 இருக்கிறது, யாரும் வட்டம் போடவில்லை.

நான் பார்க்காத நோயாளியைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் நாளை காலையில் "சிஎம்வி பிசிஆர் எடுக்கிறீர்களா" என்று நீங்களே கேளுங்கள். ஆன்டிபாடி டெஸ்ட் இல்லை, ரத்தத்தில் வைரஸையே தேடி அளக்கும் பிசிஆர். ஆன்டிபாடியை உருவாக்கும் வேலையைத்தான் நாம் மருந்து கொடுத்து அடக்கி வைத்திருக்கிறோம்.

மூன்றாம்_கிட்னி:

புரோகால் 0.18 என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது நார்மலா இல்லையா?

நள்ளிரவு_லேப்:

நல்ல ஆரோக்கியமானவருக்கு மி.லி.க்கு 0.05 நானோகிராமுக்கும் கீழே இருக்கும். 0.5-ஐத் தாண்டினால் பாக்டீரியாவைத் தேடுவார்கள், 2-ஐத் தாண்டினால் செப்சிஸ் என்ற கோணத்தில் ஓடுவார்கள். சிறுநீரகம் மந்தமாக இருப்பவருக்கும் டயாலிசிஸில் இருப்பவருக்கும் எந்தத் தொற்றும் இல்லாமலே அடிமட்டம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். இவருக்கு கிரியாட்டினின் 1.3-இலிருந்து 1.7 போயிருக்கிறது. அதனால் 0.18-ஐ வைத்து "ரத்தத்தில் பாக்டீரியா பரவியிருக்க வாய்ப்பு குறைவு" என்று மட்டும் சொல்லலாம். "தொற்றே இல்லை" என்று சொல்ல முடியாது. வைரஸுக்கும், நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சைக்கும், மற்ற பெரும்பாலான பூஞ்சைக்கும் புரோகால் அசையாமலே உட்கார்ந்திருக்கும். ஒரு இடத்தில் அடைத்துக்கொண்ட சின்னச் சீழ்க்கட்டிக்கும் அப்படித்தான்.

ஒரு சின்ன விஷயம். முடிக்காக, நகத்துக்காக என்று பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? சில மெஷின்களில் அதிக அளவு பயோட்டின் புரோகாலைக் குறைத்துக் காட்டும்.

ஏழாம்_மாதம்:

இல்லை சார். அவருக்கு முடியே இல்லை.

பதினோராவது_வருடம்:

போன் போட்டுவிட்டீர்கள் என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எனக்குக் கல்லீரல்.

மாற்று முடிந்த மறுநாள் என் புரோகால் 14. என் மகன் இணையத்தில் பார்த்துவிட்டு "அப்பாவுக்குச் செப்சிஸ்" என்று வெளியே உட்கார்ந்து அழுதிருக்கிறான். வயதான அறுவை மருத்துவர் ஒருவர், அவன் தோளில் கை வைத்து, "நாளைக்குப் பார், பாதியாக இருக்கும்" என்றாராம். அடுத்த நாள் 7. அதற்கடுத்து 3.4. ரத்தம் இல்லாமல் ஐஸில் இருந்த கல்லீரலுக்குள் மறுபடி ரத்தம் பாயும்போது வரும் அதிர்ச்சியே அவ்வளவு ஏற்றிவிடுமாம்.

ஆறாம் நாள் 1-க்கும் கீழே வந்திருக்க வேண்டியது 5.8 ஆகிவிட்டது. முதல் நாள் 14-ஐப் பார்த்துச் சிரித்த அதே மனிதர் 5.8-ஐப் பார்த்ததும் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், பித்தநீர் கசிந்து தேங்கிச் சீழாகியிருந்தது. அப்போது என் சிஆர்பி வெறும் 38. புதுக் கல்லீரல் இன்னும் சரியாக வேலையைத் தொடங்கவில்லை, சிஆர்பியைச் செய்ய வேண்டியதே அதுதானே. சிஆர்பியை மட்டும் பார்த்திருந்தால் நான் இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, எண், யூனிட், லேப், அன்று ஓடிய மருந்து. இது பதினோராவது நோட்டு.

வார்டு_ரவுண்ட்ஸ்:

சிறுநீரகத்தில் இதே கதை ஏடிஜி ஊசியில் வரும். தைமஸ் அணுக்களுக்கு எதிராக முயலில் செய்த அந்த ஊசியை முதல் தடவை போட்டதும் டி அணுக்கள் கொத்தாக உடைந்து, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களைக் கொட்டும். குளிர், நடுக்கம், காய்ச்சல், புரோகால் இரட்டை இலக்கம். கிருமி ஒன்றும் இருக்காது.

மூன்றாம்_கிட்னி:

அப்படியானால் அந்த நாட்களில் புரோகால் எடுத்து என்ன பயன்? பணத்துக்குக் கேடுதானே?

வார்டு_ரவுண்ட்ஸ்:

தனி எண்ணாக எடுத்தால் பயனில்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். வரிசையாக எடுத்தால் பயன் உண்டு. அரை ஆயுள் ஒரு நாள். நாளுக்கு நாள் பாதியானால் நிம்மதி, தேங்கி நின்றாலோ திரும்ப ஏறினாலோ தேடல். ஏடிஜி ஓடும் நாளில் நடுக்கம் வந்தால் புரோகால் என்ன சொன்னாலும் கிருமி வளர்கிறதா என்று பார்க்க இரண்டு செட் ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் தொடங்குவதுதான் வழக்கம். புரோகால் குறைவு என்பதற்காக மாற்று நோயாளிக்கு ஆன்டிபயாடிக்கை மறுப்பதை நான் செய்ய மாட்டேன். எப்போது நிறுத்தலாம் என்று யோசிக்கும்போதுதான் அது கைகொடுக்கும்.

மூன்றாம்_கிட்னி:

சரி, ஏற்றுக்கொள்கிறேன். இன்னொரு பக்கமும் உண்டு. எனக்கு ஆன்டிபாடி நிராகரிப்புக்காக மாதாமாதம் டோசிலிசுமாப் ஏற்றுகிறார்கள். போன குளிர்காலத்தில் நிமோனியா வந்து எக்ஸ்ரேயில் பாதி நுரையீரல் வெள்ளையாக இருந்தது. சிஆர்பி 0.6. லிட்டர் கணக்கில், லேப் அண்ணா, யூனிட் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் நம்பவே இல்லை, மறுபடி ரத்தம் எடுத்தார். மறுபடியும் 0.6.

நள்ளிரவு_லேப்:

கல்லீரலுக்கு "சிஆர்பி செய்" என்று ஆணை கொண்டு போவது இன்டர்லூகின்-6. நீங்கள் போடும் மருந்து அந்த ஆணை போய்ச் சேரும் வாசலையே பூட்டிவிடுகிறது. மருந்து உடம்பில் இருக்கும் வாரங்கள் முழுக்க சிஆர்பி உங்களைப் பொறுத்தவரை செத்த டெஸ்ட். காய்ச்சலும் மழுங்கும். புரோகாலும் மழுங்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவுக்குப் போனால் பேர் சொல்லும் முன் அந்த மருந்தின் பேரைச் சொல்லுங்கள்.

அழற்சி பார்க்கும் பழைய டெஸ்ட்டான ஈஎஸ்ஆர் பற்றி யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: ரத்தசோகை இருந்தால் ஏறும், சிறுநீரகம் கெட்டால் ஏறும், வாரக்கணக்கில் இறங்காது. மாற்று நோயாளிக்குத் தொற்று பார்க்க அதை எழுதுவது காகிதத்துக்கு நஷ்டம். என் சொந்தக் கருத்து.

புதுத்_துடிப்பு:

பூஞ்சைக்கு ரத்தத்தில் மார்க்கர் உண்டா? எனக்கு இதயம், மூன்றாம் மாதம். பீட்டா-டி-குளுக்கன் பாசிட்டிவ் என்று வந்து ஒரு வாரம் எங்களைத் தூங்கவிடவில்லை, கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள்.

நள்ளிரவு_லேப்:

அது பூஞ்சையின் சுவரில் இருக்கும் சர்க்கரை. நியூமோசிஸ்டிஸில் நன்றாக ஏறும், அதனால் அது நெகட்டிவ் வந்தால் நிம்மதி. பாசிட்டிவ் வந்தால் சந்தேகப்பட வேண்டும். அறுவையில் வைத்த பஞ்சுத்துணி, ஏற்றிய அல்புமின், இம்யூனோகுளோபுலின், டயாலிசிஸில் செல்லுலோஸ் சவ்வு, எல்லாமே அதைப் பொய்யாக ஏற்றும். உங்களுக்கு அந்த வாரம் இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்களா?

புதுத்_துடிப்பு:

ஆமாம்! மூன்று நாள் முன்பு.

நள்ளிரவு_லேப்:

அதுதான். அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்குப் பார்க்கும் கேலக்டோமேனன் இன்னும் மோசம்; உறுப்பு மாற்று நோயாளியின் ரத்தத்தில் பல நேரம் நெகட்டிவாகவே இருக்கும், நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பார்த்தால்தான் நம்பலாம். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைக்குப் பார்க்கும் ஆன்டிஜென் மட்டும் ரத்தத்திலேயே நம்பகமானது.

ஏழாம்_மாதம்:

மூன்றாம் நாள். அட்மிட் ஆகியிருக்கிறோம். சிஎம்வி பிசிஆர் 48,200. டாக்டர் தம்பி, நீங்கள் சொன்னதுதான்.

நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு 12.6, வழக்கமாக 7-க்குள் இருக்கும். வயிற்றுப்போக்கில் மருந்தெல்லாம் வெளியே போய்விடும், அளவு குறையும் என்றல்லவா நினைத்தேன், ஏறியிருக்கிறதே?

வார்டு_ரவுண்ட்ஸ்:

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். டாக்ரோலிமஸின் பெரும்பகுதியைக் குடல் சுவரே சிதைத்தும் திருப்பித் துப்பியும் விடும். குடல் புண்ணானால் அந்தக் காவல் போய்விடும், மருந்து தாராளமாக உள்ளே போகும். கிரியாட்டினின் ஏறியதற்கு இதுவும் நீர் வற்றியதும் காரணமாக இருக்கலாம். அதை நிராகரிப்பு என்று எண்ணி ஸ்டீராய்டைக் கூட்டினால் வைரஸுக்கு விருந்து வைத்த மாதிரி.

குடலில் மட்டும் சிஎம்வி உட்கார்ந்துகொண்டு ரத்த பிசிஆரில் வராமல் ஏமாற்றும் ஆட்களும் உண்டு, அவர்களுக்கு எண்டோஸ்கோபியில் துணுக்கு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு ரத்தத்திலேயே கிடைத்துவிட்டது.

ஏழாம்_மாதம்:

பத்தாம் நாள். காய்ச்சல் போய்விட்டது, இரண்டு வேளை சாப்பிடுகிறார். ஆனால் ஒரு வார மருந்துக்குப் பிறகு பிசிஆர் 39,000-தான். மருந்து வேலை செய்யவில்லையா?

நள்ளிரவு_லேப்:

இந்த டெஸ்ட்டில் மூன்று மடங்குக்குக் குறைவான ஏற்ற இறக்கத்தை நாங்கள் மாற்றமாகவே எண்ணுவதில்லை. 48,200-உம் 39,000-உம் லேப் கண்ணுக்கு ஒரே எண். முதல் வாரத்தில் இறங்காமல் நிற்பது, சிலருக்குச் சற்று ஏறுவதுகூட நடக்கும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: அதே லேப், அதே வகை மாதிரி. பிளாஸ்மாவில் பார்த்த எண்ணையும் முழு ரத்தத்தில் பார்த்த எண்ணையும் ஒப்பிட்டால் மறுபடி 1.4 கதைதான்.

பதினோராவது_வருடம்:

நோட்டு வாங்கினீர்களா அம்மா?

ஏழாம்_மாதம்:

வாங்கிவிட்டேன் ஐயா. யூனிட்டுக்குத் தனிக் கட்டம் போட்டிருக்கிறேன்.

ஏழாம்_மாதம்:

பதினேழாம் நாள். பிசிஆர் 6,100. வீட்டுக்கு வந்துவிட்டோம். தட்டணு ஏறிவிட்டது, 1,80,000. ஆனால் வெள்ளை அணு மட்டும் 1,900 என்று இன்னும் இறங்கியிருக்கிறது. வைரஸ் குறையும்போது இது ஏற வேண்டாமா? மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கலாமா என்று என் மாமியார் கேட்கிறார்.

வார்டு_ரவுண்ட்ஸ்:

கூடவே கூடாது அக்கா. போன முறை வெள்ளை அணுவை இறக்கியதில் வைரஸுக்கும் பங்கு, இந்த முறை பெரும்பாலும் மருந்துதான். தட்டணு ஏறுவதே அதற்குச் சாட்சி. வால்கேன்சைக்ளோவிரைப் பாதி அளவில் ஓட்டினால் வைரஸ் சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அளவை சிறுநீரகத்தின் வேகத்தை வைத்து மட்டும் அவர்கள் மாற்றுவார்கள். மைக்கோஃபீனோலேட்டைக் குறைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வெள்ளை அணுவில் ஒரு வகையான நியூட்ரோஃபில் ரொம்ப இறங்கினால் வெள்ளை அணுவைத் தூண்டும் ஊசி இருக்கிறது.

ஏழாம்_மாதம்:

கேட்டுவிட்டேன் தம்பி. மைக்கோஃபீனோலேட்டைப் பாதியாக்கியிருக்கிறார்கள். ஊசி நாளைக்கு. பிசிஆர் தொடர்ந்து இரண்டு வாரம் அளக்க முடியாத அளவுக்கு வரும்வரை மாத்திரை முழு அளவில் ஓடுமாம். மாமியாரிடம் நோட்டைக் காட்டிவிட்டேன்.